ஸ்ரீரங்கத்தில் தலை ஒட்டிய சீனப் பாவைகள்

சீனாவுக்குப் போய் நிழற்பாவைக் கூத்து பார்க்கிற வசதி எனக்கு இல்லை. திருச்சிக்குப் போகிற வசதி இருக்கிறது. கே.கே. நகரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழி ரோசலி போன பிப்ரவரியில் போன் செய்து, “சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல சைனா பொம்மலாட்டம்டீ, கிளம்பி வா” என்றாள். மதுரையில் பஸ் ஏறினேன். நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். எடமலைப்பட்டி புதூர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்காதீர்கள். நெரிசலில் அதற்கப்புறமும் அரை மணி ஆகும்.

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸே போதும். நான் சோம்பல்பட்டு ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் அழுதேன். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர், “சைனா பொம்மையா? கேரண்டி இல்லாத சரக்காச்சேங்க” என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

கூத்து நடத்துபவர் மெஹருன்னிசா, பெரிய கடை வீதிப் பக்கத்துக்காரர். கணவரின் கல் வியாபாரத்துக்காக ஆறு வருடம் ஷியான் நகரில் குடியிருந்தபோது, பக்கத்துத் தெருக் குழுவிடம் கற்றுக்கொண்டாராம். இதுதான் முதல் மேடை. ரோசலியின் தலைமை ஆசிரியை பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஜூனிலிருந்து பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு. மெஹருக்குத் தன் பெயரில் கிடைக்கப்போகும் முதல் வேலை.

கூத்துக்கு முன்னால் காப்பி குடித்தபடி மெஹர் வரலாறு சொன்னார். ஹான் வம்சத்து அரசர் ஒருவர், இறந்துபோன ஆசைநாயகியை நினைத்து ராஜ்யத்தையே மறந்து கிடந்தாராம். மந்திரம் தெரிந்த ஒருவன் திரை கட்டி, விளக்கு வைத்து, அவள் நிழலை வரவழைத்தானாம். கிட்டே மட்டும் போகக் கூடாது. நிழற்பாவை அங்கே பிறந்தது என்பது கதை. சோங் வம்சக் காலத்தில் சந்தைக்குச் சந்தை கூத்து நடந்திருக்கிறது. கையுறைப் பாவை, நூல் பாவை, கோல் பாவை எல்லாம் தனித்தனிக் கிளைகள். கலாசாரப் புரட்சியில் பல பெட்டிகள் எரிந்தன, சில பரணில் ஒளிந்து பிழைத்தன. எண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் இன்று எல்இடி. “தோலும் நிழலும் மட்டும் அப்படியேதான் இருக்குங்க” என்றார்.

அன்று ஆடவிருந்ததும் அந்த அரசர் கதைதான். பாவைப் பெட்டியை மெஹர் முந்தின நாளே, கூத்து நடக்கும் மண்டபத்தின் சொந்தக்காரரான ரங்கராஜன் மாமா வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்தவர், “யா அல்லாஹ்!” என்று உட்கார்ந்துவிட்டார்.

சீனத்தில் கூத்து முடிந்ததும் பாவையின் தலையைக் கழற்றித் தனியாக வைப்பார்கள். மாட்டியபடியே விட்டால் ராத்திரியில் எழுந்து நடமாடும் என்று ஒரு பயம். ஒரே உடம்புக்கு வேறு வேறு தலை செருகிக்கொள்ளலாம் என்பது வசதி. மாமாவோ திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே முண்டங்கள். கிடைத்த தலைகளையெல்லாம் பசை போட்டு ஒட்டிவிட்டார். அரசருக்குத் தலை சரியாக அமைந்துவிட்டது. நாயகியின் தலை ஒரு குதிரை வீரனின் கழுத்தில்.

“பின்னமான ரூபம் ஆத்துல இருக்கப்படாதேம்மா. நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணேன்” என்றார் மாமா.

“யாரு சார் உங்களை ஒட்டச் சொன்னா? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல!” மெஹரின் குரல் உடைந்தது. பிரித்தெடுக்கப் பார்த்தார். நாயகியின் தாடையோடு தோல் கிழிந்தது. மாமா, “அபசாரம், அபசாரம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கூத்து தொடங்கியது. விளக்கைப் பிடிக்க என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஒட்டிய தலைகளோடு மந்திரிகள் ஒப்பேற்றினார்கள். நாயகி வரவேண்டிய இடம் வந்தது. மெஹர் என் பக்கம் திரும்பி, “அக்கா, லைட்டைக் கொஞ்சம் பின்னால பிடிங்க” என்றார். பிடித்தேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு விளக்குக்கும் திரைக்கும் நடுவில் அவரே நின்றார். ஒரு சாண் உயர அரசருக்கு முன்னால் ஆளுயர நிழல். அரசர் நெருங்க நெருங்க அது மெல்ல விலகியது.

முடிந்ததும் தலைமை ஆசிரியை உள்ளே வந்து, “ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் வந்துடுங்க” என்றார், அவ்வளவுதான். மெஹர் துப்பட்டா நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: கூத்து எப்போதாவதுதான், விசாரித்துவிட்டுப் போங்கள். மாலை நாலு மணிக்கே ஸ்ரீரங்கம் சேர்ந்துவிடுங்கள், சனிக்கிழமை கோயில் கூட்டம் தாங்காது. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க மெஹர் அனுமதிப்பார். பெட்டியை மட்டும் தொடாதீர்கள்.

அந்தப் பெட்டி இப்போதும் மாமா வீட்டில்தான் இருக்கிறது. அன்று நான் கிளம்பும்போது, மெஹர் ஈரத்துணியால் பசையை இளக்கி ஒவ்வொரு தலையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா வாசற்படியில் தயங்கி நின்றார்.

“தலையை எடுத்தாத்தான் அதுங்க தூங்கும் சார்” என்றார் மெஹர்.

மாமா கிட்டே வந்தார். “தூங்கறதா? அதை மொதல்லயே சொல்லப்படாதா? இந்த ஊர்ல பெருமாளே சயனத்துலதானே இருக்கார்” என்று பெட்டியை வாங்கி, குலுங்காமல் உள்ளே கொண்டுபோனார்.