மஞ்சக்குட்டைக்குப் போகாத ஜீப்

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாய் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினார். பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிற எனக்கு, இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே காரணத்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு மெக்கானிக் பதவி கிடைத்தது.

ஸ்கேனர் பழகுவதற்காகக் கைக்குக் கிடைத்த போட்டோக்களையெல்லாம் அதில் ஏற்றியிருந்தார். அவற்றை அடுக்கி வைக்கும் சாப்ட்வேர் என்று சேலத்திலிருந்து ஒரு சி.டி.யும் வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், நொம்ப நேரமா என்னமோ கேட்டுட்டே நிக்குதுங்க.”

கம்ப்யூட்டரில் உள்ள எல்லாப் படங்களையும் தேடித் திரட்டிக் காட்டட்டுமா என்று திரையில் இங்கிலீஷில் கேட்டிருந்தது. அமைச்சர் அணை திறக்கும் தோரணையில் ‘சரி’யை அழுத்தினேன். படங்கள் திரை நிறைய ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

பாஸ்போர்ட் முகங்கள் சில போனதும் மஞ்சக்குட்டை ஆரஞ்சுத் தோட்டம் வந்தது. வருடாவருடம் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பாய், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், தோட்டக்காரர், நான் என நால்வரும் அங்கே போய்ச் சமைத்துச் சாப்பிடுவோம். இந்த வருடம் ஜீப் ரிப்பேர், யாரும் போகவில்லை என்று பாயே வீடு தேடி வந்து சொன்னார். பாவம், வயதான வண்டி என்று நானும் வருத்தப்பட்டேன். படத்தில் ஜீப் ஆரோக்கியமாக நின்றது. பக்கத்தில் பிரியாணி அண்டா.

“இது போன வருசத்துதுங்க” என்றார் பாய்.

ரைட்டர் போட்டிருந்தது போன மாதம் என் மனைவி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்.

அடுத்த படத்தில் அதே ரைட்டர் மப்ளரைக் காதுவரை சுற்றி, குடையை அக்குளில் செருகி, மூக்கை வானத்துக்குத் தூக்கியிருந்தார். யாரைப்போல நடிக்கிறார் என்று, தினமும் அதே மப்ளரும் குடையுமாகத் திரியும் எனக்கே உடனே தெரிந்துவிட்டது. தோட்டக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். படமெடுத்த பாயும் சிரித்திருக்க வேண்டும், படம் கலங்கியிருந்தது.

“ஏனுங்க பாய்?”

“நீங்க வந்தா எழுதிப்போடறீங்க சார். ரைட்டர் கிண்டுன பிரியாணில போஸ்டர் ஒட்டலாம்னு எழுதுனீங்க. அவரு சம்சாரம் இன்னும் சிரிக்குதுங்களாம்.”

“பேரே போடலையே!”

“ஏற்காட்டுல எத்தன ரைட்டருங்க பிரியாணி கிண்டறாங்க?”

வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கோபித்துக்கொண்டு மறுநாள் டீக்கு வந்திருப்பேன். மூன்று பேர் கூடிப் பேசி, வாயில்லாத ஜீப்பின் மேல் பழிபோட்டதுதான் பொறுக்கவில்லை.

படங்கள் நிற்காமல் ஓடின. நிறுத்தத் தெரியாமல் பாய் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

“அணைச்சிரட்டுங்களா சார்?”

“பாதில அணைச்சா கெட்டுப்போயிரும் பாய்” என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு, கைகழுவி, வெற்றிலை போட்டு, ஜீப்பில் ஏறும் வரை உட்கார்ந்து பார்த்தேன்.