தில்லையம்பலம் மீனை விட்ட காரணம்

புலம்பெயர்ந்து வந்த தில்லையம்பலத்துக்கு வோபர்னில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. முப்பது வருடமாக மச்சம் மாமிசம் தொடாதவர் என்று கோயிலில் பொன்னாடை போர்த்தித் தனி மரியாதை. மரியாதை பொய். வந்த புதிதில் பார்க்டேலில் குடியிருந்த காலத்தில் ஒருநாள் மீன்குழம்பு தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, சாகக் கிடந்தார். அது மனைவி புனிதவதிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு, "சைவமாயிட்டன்" என்றார்.

அவருடைய இதய வால்வு மாற்றும் ஒப்பரேஷனுக்கு முன்பு தாதி ஃபோனில் கேட்டாள், ஏதாவது மருந்து, சாப்பாடு ஒத்துவராதா என்று. மகள் மயூரி, ஒன்றுமில்லை என்றாள். தகப்பன் பக்கத்திலிருந்து தலையாட்டினார். புனிதவதியும் பேசவில்லை. ஒப்பரேஷனில் யார் வாயில் மீன் தீத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

ஒப்பரேஷன் நாள் மத்தியானம் காத்திருப்பு அறைக்குக் கோயில் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா விபூதியோடு வந்தார்.

"பயப்பிடாதை தங்கச்சி. சைவக்காரன்ரை உடம்பு தாங்கும்."

மயக்க மருந்து டொக்டர் வெளியே வந்து வேகமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மயூரி தாயிடம் திரும்பினாள்.

"அம்மா, வால்வு போட்டாச்சாம். பிறகு இரத்தம் உறையிறதுக்கு ஒரு மருந்து ஏத்தினவையாம். உடனே லங்ஸ் இறுகி, பிரஷர் விழுந்து, திரும்ப அந்த ஹார்ட் மெஷினிலை போட்டிருக்கினம். அந்த மருந்து மீனிலையிருந்து எடுக்கிறதாம். அப்பாவுக்கு மீன் அலர்ஜியோ எண்டு கேக்கினம். அவர் சைவம் எண்டு சொல்லுறன்."

"பொறு."

புனிதவதி செயலாளரைப் பார்த்தாள்.

"மீன் திண்டா அவருக்குத் தொண்டை அடைக்கும், பிள்ளை. அதாலைதான் விட்டவர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல்லை டொக்டருக்குச் சொல்லு."

மயூரி டொக்டரிடம் சொன்னாள். அந்த மருந்தை இனி ஏற்றமாட்டோம், இரத்தம் தானாக உறையும்வரை பார்க்கவேண்டும், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதைச் சொல்லிவிட்டு டொக்டர் உள்ளே ஓடினார்.

ஸ்ரீஸ்கந்தராசா செருமினார். "அப்ப நாங்கள் போர்த்த பொன்னாடை?"

"வந்து எடுத்துக்கொண்டு போங்கோ, அண்ணை. எனக்கு ஆள் உயிரோடை வேணும்."

அவர் விபூதியைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நாலு மணித்தியாலம் கழித்து தாயையும் மகளையும் உள்ளே விட்டார்கள். இரத்தக் கசிவு நின்றுவிட்டது. சுவாசப்பையில் இன்னும் நீர். வாயில் குழாய். மெஷின்தான் மூச்சு விட்டது. பிழைப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"எழும்பட்டும், நல்லா ஏச்சுக் குடுக்கிறன்," என்றாள் மயூரி, அழுதபடி.

"குடு, பிள்ளை. எனக்கும் சேர்த்துக் குடு. எழும்பினாக் காணும், அது போதும்."

புனிதவதி அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.