கஸ்தூரி சிரிக்காத பன்னிரண்டு படங்கள்

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்குக் கோவையில் ரயில் ஏறியபோது என் பையில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. குழந்தைகளுக்கான ஒரு படப் புத்தகத்துக்காக மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தவை. திருநின்றவூரில் இருக்கும் பம்பைக் கலைஞர் கஸ்தூரியைப் பற்றிய புத்தகம் அது. எழுத்து வேறொருவருடையது, படம் என்னுடையது. பதிப்பகம் படங்களை அவருக்கு அனுப்பிய மறுநாள் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"படம் பாத்தேன் மேடம். கலரெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இது நான் இல்ல. இப்பிடியே போடறதா இருந்தா என் பேர எடுத்துருங்க."

போனில் பேசிச் சமாதானம் செய்யுங்கள் என்றார் பதிப்பாசிரியர். எனக்கோ கோபம். அவருடைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புடவைக் கரை வரைக்கும் சரியாகப் போட்டிருந்தேன். எது நீங்கள் இல்லை என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டரைக்கு அரக்கோணத்தில் இறங்கி, பத்து ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் பிடித்தேன். திருவள்ளூர் தாண்டியதும் தண்டவாளத்தின் இருபுறமும் மனைக் கற்கள். காலி மனைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு, அதன் மாடியில் காயும் துணி, அப்புறம் மறுபடியும் கற்கள். திருநின்றவூரில் ஷேர் ஆட்டோக்காரரிடம் விலாசம் சொன்னேன்.

"ஏரிக்கர பக்கம். பம்பக்காரம்மா ஊடுதான? குந்துமா, இருவது ரூபா."

"அவங்களைத் தெரியுங்களா?"

"இன்னாமா இப்பிடிக் கேட்டுட்ட? ஆடி மாசத்துல அந்தம்மா தேதி கெடைக்கணும்னா சித்திரையிலயே போய் நிக்கணும்."

கஸ்தூரிக்கு நாற்பது வயதிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அரை நாள் ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தார், நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சாப்பாடு போட்டார், மீன் குழம்பு. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, என் படங்களை வாங்கித் தரையில் வரிசையாகப் பரப்பினார்.

"நல்லா பாரு. பன்னெண்டுலயும் பல்லு தெரியுது. பல்பொடி விக்கறவ மாதிரி கீறேன்."

"குழந்தைகள் புத்தகமுங்க அக்கா. கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்னு…"

"நான் அடிக்கும்போது சிரிச்சு எந்த வீடியோவுலயாச்சும் பாத்தியா?"

பார்க்கவில்லை. புடவைக் கரையை வீடியோவிலிருந்து எடுத்த நான், சிரிப்பை மட்டும் நானாகச் சேர்த்திருந்தேன்.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். முன்பு நான் வரைந்தது, ஒரு தவில்காரரைப் பற்றியது. மாதிரிக்காகப் பதிப்பகம் அவருக்கு அனுப்பியிருக்கிறது.

"இத்தயும் நீதான வரைஞ்ச? இந்தப் பெரியவரு ஒரு பக்கத்துலகூட சிரிக்கல. கண்ண மூடிகினு, மூஞ்சிய இறுக்கிகினு அடிக்கிறாரு. எவ்ளோ நல்லா கீது. இவருக்கு அப்பிடி, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இளிப்பு?"

அந்தப் புத்தகத்துக்கு யாரும் சிரிப்புக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கஸ்தூரியின் புத்தகத்துக்குப் பதிப்பகம் அனுப்பிய குறிப்பில் "இனிமையான முகம்" என்றிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை என்பதுதான் அப்போது உறுத்தியது.

"தெரியலைங்க அக்கா," என்றேன்.

"நாளிக்கு காட்டுப்பாக்கத்துல கூழ் ஊத்துறாங்க. நானு, என் தம்பி தனசேகரு, இன்னும் ரெண்டு பேரு போறோம். வந்து பாத்துட்டு வரை. போட்டோ எல்லாம் வேணாம், கண்ணால பாரு."

அன்றிரவு ஆவடியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருநின்றவூருக்குத் திரும்பினேன். வாசலில் குட்டியானை நின்றது, வாடகை வண்டி. பம்பைகளையும் சிலம்பையும் தனசேகர் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்காவைவிடப் பத்து வயது இளையவர், உடுக்கை அடிப்பவர். எனக்கும் கஸ்தூரிக்கும் டிரைவர் பக்கத்தில் இடம், மற்ற மூவரும் பின்னால். வெள்ளவேடு, திருமழிசை, பூந்தமல்லி என்று ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பூந்தமல்லி தாண்டியதும் மெட்ரோ தூண்கள் சாலை நடுவே கூடவே வந்தன. வழியில் தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணமும் ஒலிபெருக்கியும்.

அப்பா பம்பை அடித்தவர் என்றும், ஒரு திருவிழாவின் நடுவில் அவருக்குக் கை இழுத்துக்கொண்டதும் பக்கத்தில் நின்ற இவர் பம்பையை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார் என்றும் புத்தகத்தில் இருந்தது. அது உண்மையா என்று கேட்டேன்.

"உண்மைதான். ஆனா புக்குல எல்லாரும் கை தட்டுனாங்கன்னு போட்டுருக்காங்க. ஒர்த்தனும் தட்டல. பாதி பேரு எழுந்து போய்ட்டான். அத்தயும் மாத்தச் சொல்லிருக்கேன்."

எட்டரை மணிக்குக் காட்டுப்பாக்கத்தில் இறங்கினோம். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் சின்ன அம்மன் கோயில், தெருவை அடைத்துப் பந்தல். விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வெள்ளை வேட்டியுடன் வந்து தனசேகரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நீங்க முன்னால நின்னுக்கங்க. அக்கா பின்னால நின்னு அடிக்கட்டும். நேரலை போவுது, பெரிய ஆளுங்கள்லாம் பாப்பாங்க. நல்லா இருக்காது."

தனசேகர் அக்காவைப் பார்த்தார். கஸ்தூரி பம்பையை இடுப்பில் வைத்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று, சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள். நல்ல பாரம். முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"தேதி கேக்க யாராண்ட வந்தீங்க?"

"உங்ககிட்டதான்மா. அது வேற விஷயம்…"

"எங்கிட்டதான் வந்தீங்க. நான் முன்னாலதான் நிப்பேன். புடிக்கலன்னா சொல்லுங்க, வண்டி இன்னும் திரும்பல."

குரலை உயர்த்தவேயில்லை. அந்த ஆள் சுற்றிலும் பார்த்தார். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற நான்கைந்து பெண்கள் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். கஸ்தூரி காத்திருக்கவில்லை. நேராகப் போய் அம்மனுக்கு எதிரே நின்று முதல் அடியை அடித்தார்.

முகத்தைப் பார்த்தேன். மூடிய வாய். கீழுதடு கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது. புருவங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கோடு. கண்கள் யாரையும் பார்க்கவில்லை, எதற்கும் விலகவுமில்லை. தாளம் மாறும்போது மட்டும் தாடை இறுகித் தளர்ந்தது. நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியும் துடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் மூன்று பெண்களுக்குச் சாமி வந்தது. வேட்டிக்காரர் கூட்டத்தை ஒதுக்கி கஸ்தூரிக்கு வழி செய்துகொண்டிருந்தார். பந்தல் காலில் சாய்ந்துகொண்டு ஒன்பது பக்கம் வரைந்தேன். ஒன்றில்கூட பல் இல்லை.

பதினொரு மணிக்குக் கூழ் குடித்தபடி, அடிக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த அடி இன்னான்னு," என்றார். பிறகு என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "மூக்க இவ்ளோ பெருசா போட்டுகீற. இருக்கறதே அவ்ளோ பெருசுதான், விடு."

திங்கட்கிழமை காலை சென்ட்ரலிலிருந்து கோவை ரயில். புதுப் படங்களின் மாதிரியைப் போனிலேயே அனுப்பியிருந்தேன். சேலம் தாண்டியதும் பதிப்பாசிரியர் அழைத்தார்.

"பெத்தவங்க கடையில புரட்டிப் பாத்துட்டு வச்சிருவாங்க. இவ்வளவு கோபமா இருந்தா குழந்தைங்க பயந்துக்கும்."

"கோபம் இல்லைங்க, கவனம்."

"அந்த வித்தியாசம் குழந்தைக்குத் தெரியுமா?"

"தவில்காரர் புத்தகத்துல தெரிஞ்சுதுங்களே."

"அது வேற."

"என்ன வேறன்னு சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

வரைந்து தந்த பிறகு வாயை மட்டும் அங்கே யாராவது திருத்தினால் பன்னிரண்டு படங்களையும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றேன். பதினோரு வருடத்தில் எந்தப் பதிப்பகத்திடமும் நான் அப்படிப் பேசியதில்லை. போனை வைத்துவிட்டுப் பையில் தண்ணீர் தேடினேன். எதிர் இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எங்கள் ஊரில் மரியாதை அதிகம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவோம். அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டே எத்தனை குறிப்புகளுக்குச் சரிங்க, சரிங்க என்று தலையாட்டியிருக்கிறேன் என்று ஈரோடு வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். வேட்டிக்காரரிடம் கஸ்தூரி ஒரு 'சரிங்க' சொல்லியிருந்தால் பின்வரிசையில்தான் நின்றிருப்பார் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டையும் புதிதாக வரைந்தேன். அப்பாவிடமிருந்து பம்பையை வாங்கும் பக்கத்தில் பாதி நாற்காலிகளைக் காலியாக்கினேன். பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவுக்குக் காட்ட வேண்டும், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். 'அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து, படங்கள் அப்படியே அச்சுக்குப் போகின்றன என்று பதில் வந்தது. உடனே கஸ்தூரியை அழைத்தேன். பின்னால் கம்பெனி மெஷின் சத்தம். மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கின்னா இப்போ? சரியா வரைஞ்சா சரின்னு சொல்லித்தான ஆவணும்," என்றார். "வெச்சிரு, லைன் ஓடிகினு கீது."