நிலைக்கு மேலே இருந்த கத்தி

குர்ஆனை முழுதாக ஓதித் தமாம் செய்யும் பிள்ளைக்குச் சாய்ந்தமருதில் ஏதாவது கொடுப்பார்கள். கையில் உள்ளவர்கள் காதுக்கு ஒரு சோடித் தோடு கொடுப்பார்கள். இல்லாதவர்கள் புதுச் சட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். நஸீறா தையல்காரி. மகள் றிஸ்லாவுக்கு ஊதா நிறத்தில் ஒரு சட்டை தைத்து, கழுத்தைச் சுற்றிச் சின்னப் பூவும் போட்டு, இஸ்திரி செய்து கட்டிலில் விரித்து வைத்திருந்தாள்.

மதரசாவிலிருந்து வந்த றிஸ்லா சட்டையைத் தடவிப் பார்த்தாள். பூவை எண்ணிப் பார்ப்பவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அண்ணாந்து கதவு நிலையின் மேல்கட்டையைப் பார்த்தாள்.

"உம்மா, வாப்பா சொன்ன சாமான்?"

"என்ன சாமான்?"

"வில்லுக்கத்தி. தமாம் செய்யிற அன்டைக்கி என்ட கத்தி உனக்குத்தான் என்டு சொன்னாரே."

"அப்ப உனக்கு அஞ்சு வயசு. அதெல்லாம் ஞாபகம் இரிக்கா?"

"எல்லாம் ஞாபகம் இரிக்கி. திறந்த கத்தி நடக்கப்படாது. கை எட்டுற தூரத்தில ஆள் நின்டா வெட்டப்படாது. பிஸ்மி சொல்லித் திறக்கணும். வெட்டி முடிஞ்சா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மூடணும். ஆரும் கேட்டா ஒளிக்கப்படாது."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நஸீறா குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் ஒரு கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நஸீறாவின் உம்மாவையும் வாப்பாவையும் கொண்டுபோயிற்று. அவளுக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது இந்தக் கரையின் வழக்கம். வீடு போன குமருக்குக் கலியாணம் எங்கே வரப்போகிறது? தம்பி றிப்தியோடு முகாமில் இருந்தபோது அதை அவள் யோசிக்கக்கூட இல்லை. கரைவலைக்குப் போகும் ஜெமீல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். "வீடு இல்லையே" என்றார்கள். "எனக்கும்தான் இல்ல. ரெண்டு பேரும் வெளியிலதானே இரிக்கிற, ஒரே இடத்தில இரிப்பம்" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பேச்சுக்குத்தான் அவள் சம்மதித்தாள். பிறகு தகரம் போட்டு, கல் அடுக்கி, பூசி, ஒரு வீடு வந்தது. முதலில் நட்டது இந்தக் கதவு நிலையை. நட்டு முடிந்த பின்னேரம் ஜெமீல் இடுப்பிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்து மடக்கி, நிலைக்கு மேலே வைத்தான். மரப்பிடி போட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற கத்தி. வலைக்கண் திருத்தவும் கயிறு அறுக்கவும் அவனுக்கு அதுதான். கடலுக்குப் போகும்போது எடுப்பான், வந்ததும் அங்கேயே வைப்பான். வேறு எங்கேயும் ஒரு நாளும் கிடந்ததில்லை.

நெடுநாள் காத்திருந்து பிறந்த பிள்ளை றிஸ்லா. அவள் கத்தியைக் கேட்டு அழுதால் ஜெமீல் திட்டமாட்டான். ஐஸ்கிறீம் குச்சி ஒன்றைக் கொடுத்து, "இது உன்ட கத்தி. முதல்ல இத ஒழுங்காப் பாவி" என்பான். பிள்ளை குச்சியோடு முற்றத்தில் ஓடினால், "ஆ, கத்தி நடக்குது, கத்தி நடக்குது! பிடிங்க அத!" என்று கத்துவான். பிள்ளை அப்படியே நின்று, குச்சியை மடக்குவதுபோல் பாவனை செய்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்.

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் பகை வரும் என்று ஊரில் சொல்வார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். ஜெமீலும் அப்படித்தான் செய்வான். ஆனால் பிள்ளைக்கு அவன் சொன்ன காரணம் வேறு. "பகையுமில்ல, ஒன்டுமில்ல மகள். தானாக் குனிஞ்சி எடுத்தவன், நான் எடுக்கல்ல என்டு பொறகு சொல்ல ஏலாது. அதுக்குத்தான்."

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அந்தக் கிழமை முடிவதற்குள் சாய்ந்தமருதிலும் ஒரு வீடு வெடித்தது. ஊர் வாயடைத்துப் போயிற்று. வீதி வீதியாகச் சோதனை நடந்தது. சோதனைக்கு முன்னால் கதை நடந்தது. கத்தி வைத்திருந்தவனைப் பிடித்துவிட்டார்களாம், இறைச்சிக்கடைக்காரனின் கத்தியையும் கேட்டார்களாம் என்று வேலிக்கு மேலால் செய்தி வந்துகொண்டிருந்தது. எது மெய், எது பொய் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ஸுஹைறா மூச்சு வாங்க ஓடிவந்து, "வீட்டில கத்தி கித்தி இரிந்தா ஒன்டோட நிப்பாட்டுகா. மத்தத எங்கயாவது போடு. எங்கட ஆள்ற கோடரிப்பிடியையும் நான் அடுப்பில வெச்சிட்டன்" என்றாள்.

ஜெமீல் அப்போது கடற்கரையில் மீன் வாடியில் நின்றான். நஸீறா நிலைக்கு மேலே கையை நீட்டினாள். தேங்காய் உடைக்கும் கத்தியையும் இந்த வில்லுக்கத்தியையும் மீன் குடலோடு ஒரு சொப்பின் பைக்குள் போட்டு முடிந்தாள். ஊருக்கு ஊடாகக் கடலுக்குப் போகிற தோணா வாய்க்காலுக்கு அதைக் கொண்டுபோனாள். பட்டப்பகல். கரையில் இன்னும் நாலைந்து பெண்கள் குப்பைப் பைகளோடு நின்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பை விழுந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை கறுத்துத் திறந்து மூடிக்கொண்டது.

பின்னேரம் ஜெமீல் வந்து, வழக்கம்போல நிலைக்கு மேலே தடவினான். தடவிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளுடைய முகம் சொல்லிவிட்டது.

"தோணாவா?"

"ஓம்."

கையை இறக்கிவிட்டுச் சிரித்தான். "சரி, போகட்டும். இனி நான் பல்லாலதான் கயிறு அறுக்கோணும் போல."

"புதுசா ஒன்டு வாங்குங்களன்."

"இப்ப போய்க் கடையில கத்தி கேக்கவா? நல்ல நேரம் பாத்தாய் புள்ள. எல்லாம் அடங்கட்டும்."

அடங்க முதல் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாள் கழிந்த கிழமை கரைவலைத் தோணி வலை இறக்கிக்கொண்டு போனது. கரைவலையில் ஒரு கயிற்றுத் தலைப்பு கரையில் நிற்கும். தோணி வலையை விட்டுக்கொண்டே கடலுக்குள் வளைந்து போய் மறு தலைப்பைக் கரைக்குக் கொண்டுவரும். அப்படி ஓடிக்கொண்டிருந்த கயிற்றின் ஒரு சுருள் ஜெமீலின் கணுக்காலைப் பிடித்தது. வலையின் பாரம் அவனையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. தோணி மெசினில் நின்ற றிப்தி அதை நிறுத்தினான். தோணியிலிருந்த ஒரே கத்தி வலைக்குவியலுக்கு அடியில் கிடந்தது. தேடிப் பார்த்துவிட்டு, பாய்ந்து, எல்லோருமாக இழுத்து எடுத்தார்கள். எடுத்தபோது ஜனாஸாதான் இருந்தது.

ஒருவரும் நஸீறாவை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள்தான், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தில், ஒருநாள் தம்பியைக் கேட்டாள்.

"மச்சானுக்கிட்ட கத்தி இரிந்திருந்தா?"

றிப்திக்கு அவள் ஏன் கேட்கிறாள் என்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மறுமொழி மட்டும் சொன்னான். "அது நைலோன் கயிறு ராத்தா. தண்ணிக்குள்ள இறுகினா இரும்பு. கத்தி இரிந்தாலும் அறுபட்டிருக்காது."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நஸீறா எழுந்தாள். தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகளும் அபாயாக்களும் தைத்தாள். பிள்ளையை மதரசாவுக்கு அனுப்பினாள். கத்தி எங்கே என்று றிஸ்லா கேட்ட ஒருநாள், "வாப்பாவோட கடலுக்குப் போயிட்டு மகள்" என்று சொன்னாள். பிள்ளை அதை நம்பியது. ஆனாலும் வாக்கு வாக்குத்தானே. கடல் கொண்டுபோனது கத்தியைத்தான், வாக்கை இல்லை என்று பிள்ளை நினைத்திருக்க வேண்டும்.

ஊதாச் சட்டை உடுத்தாமலே கட்டிலில் கிடந்தது. றிஸ்லா அடம்பிடிக்கவில்லை, அழவுமில்லை. போகும்போதும் வரும்போதும் நிலையை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். அதை நஸீறாவால் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினாள்.

கடைக்காரர் சிவப்பு, நீலம் என்று பிளாஸ்ரிக் பிடி போட்டவைகளை எடுத்துப் போட்டார். அவள் மரப்பிடி கேட்டாள். ஒன்றுதான் இருந்தது. விரித்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "வில்லு இறுக்கமா இரிக்கா? புள்ளைக்கி" என்றாள்.

"மகனுக்கா?"

"மகளுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். வரும் வழியில் பஸ்ஸை யாரும் மறிக்கவில்லை. மறித்த காலம் போய்விட்டது. ஆனாலும் நஸீறா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே இருந்தாள்.

ஸுஹைறாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "என்னகா, பொம்புளப் புள்ளைக்கிக் கத்தியா? நாளைக்கி மாப்பிள்ள கேட்டு வாறவன் வாசலோட ஓடிருவான்."

"ஓடுறவன் ஓடட்டும். இவள்ற வாப்பா வீடு இல்லாத இடத்துக்கே வந்த மனிசன்" என்றாள் நஸீறா.

அஸர் தொழுதுவிட்டு முற்றத்து மணலில் இருவரும் இருந்தார்கள். நஸீறா கத்தியைக் கீழே வைத்தாள். றிஸ்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், உடனே தொடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, இரண்டு விரலால் எடுத்தாள்.

"நான் எடுத்திட்டன், என்ன?" என்றாள், சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதுபோல.

முதலில் ஒரு ஈர்க்கைச் சீவினாள். அலகைத் தன் பக்கம் திருப்பினாள். "வெளிய தள்ளி வெட்டு, நெஞ்சுக்கு நேர இழுக்காத" என்று நஸீறா கையைத் திருப்பிவிட்டாள். அலகு மடங்கும் இடத்தில் விரலை வைக்காமல் மூடுவது எப்படி என்று மூடிக் காட்டினாள். தனக்கு இதெல்லாம் தெரிந்திருப்பது அவளுக்கே அதிசயமாக இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்த வருடங்கள் கைக்குள் இறங்கியிருந்தன. பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து கையை நீட்டிச் சுற்றிலும் வட்டம் போட்டது. விரல் நுனி நஸீறாவின் தோளில் பட்டது. "உம்மா, தள்ளி இரிங்க. கை எட்டுது."

அவள் தள்ளி இருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள்.

உடுப்புக் காயப்போட றிப்தி எப்போதோ கொண்டுவந்து கட்டிய கரைவலை நைலோன் கயிற்றில் நாலைந்து முழத்துண்டு மிஞ்சிக் கிடந்தது. அதை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினாள்.

"ஏன் உம்மா நனைக்கிறீங்க?"

"சும்மா. ஈரக் கயிறு வெட்டிப் பழகு."

ஒரு தலைப்பைத் தென்னையில் கட்டினாள். மறு தலைப்பைத் தன் கையில் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் பின்னுக்கு இழுத்தாள். கயிறு தண்ணீரை உதிர்த்து விறைத்து நின்றது.

"தென்னப் பக்கமா நின்டு வெட்டு. என்ட கையில இருந்து எட்டத்தில."

"பிஸ்மில்லாஹ்" என்றாள் றிஸ்லா.

பிள்ளை அலகைக் கயிற்றின் மேல் வைத்து அழுத்தி இழுத்தது. ஒரு புரி தெறித்தது. இழுத்த இழுப்பின் விறைப்பே கத்திக்கு உதவி செய்தது. இன்னொரு புரி. பிறகு மிச்சம் எல்லாம் ஒன்றாகப் போக, நஸீறா மணலில் மல்லாந்து விழுந்தாள்.

"அல்லாஹ்வே, விழுந்திட்டீங்க!" றிஸ்லா சிரித்தாள். "லேசாத்தானே இரிக்கி உம்மா!"

நஸீறா எழும்பவில்லை. தென்னோலைகளுக்கு மேலால் வானம் வெளிச்சமாக இருந்தது. லேசு. பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு லேசு. தம்பி பொய் சொல்லியிருக்கிறான். அவளுக்காகத்தான் சொல்லியிருக்கிறான். அதன் மேல் சாய்ந்துகொண்டு இத்தனை வருடம் சட்டைகளைத் தைத்திருக்கிறாள்.

பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. கத்தியை மடக்கிவிட்டுத்தான் அது அவளிடம் நடந்து வந்தது.

"நோவுதா உம்மா?"

நஸீறா எழும்பி மணலில் இருந்தாள். "மகள், வாப்பாட கத்தி கடலுக்குப் போகல்ல."

றிஸ்லா அவளுக்கு முன்னால் குந்தினாள்.

"நான்தான் எடுத்துத் தோணாவில போட்டன். வாப்பா மௌத்தாகிறதுக்கு முதல். அவர் கடலுக்குப் போகக்குள்ள அவருக்கிட்ட கத்தி இருக்கல்ல."

"ஏன் போட்டீங்க?"

"பயத்தில."

"வாப்பா ஏசினாரா?"

"இல்ல. சிரிச்சார்."

பிள்ளை அறுந்த கயிற்றைப் பார்த்தது. தென்னையில் தொங்கிய துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை என்ன விளங்கிக்கொண்டது என்று நஸீறாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. மஃரிபுக்குப் பள்ளியில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றிஸ்லா. மூடும்போது சொல்ல மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு முழங்காலில் இருந்து, கத்தியை இருவருக்கும் நடுவே மணலில் வைத்தாள்.

"நிலைக்கி மேல வைங்க உம்மா. எனக்கு எட்டாது."

நஸீறாவின் கை மடியிலேயே இருந்தது.

"எடுங்க. ஆனா இத போட்டுறாதீங்க, என்ன?"

நஸீறா குனிந்து அதை எடுத்தாள்.