உப்புக் காற்றில் ஐந்து கல்லறைகள்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மேட்டில், கம்பி வேலிக்குள் ஐந்து கல்லறைகள். பெருமுக்கல் கோட்டைக்காக நடந்த பழைய சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களாம். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்பு வாரிவிட்டு வந்த ஓர் அம்மாள், குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரு கல்லைத் துடைக்கிறார். இங்கே குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

“சர்க்கார் சம்பளமாம்மா?” என்று கேட்டுவிடுகிறேன்.

“யாரு குடுக்கறாங்க சார்? உப்புக் காத்து எழுத்த அரிக்குது. பேராவது நிக்கட்டும்னு நல்ல தண்ணியில தொடைக்கிறேன். எம்புள்ளையும் பட்டாளத்துலதான் இருந்தான். பாகிஸ்தான் சண்டைக்குப் போனான். தந்தி வந்துச்சு, உடம்பு வரல. எந்த மண்ணுல கெடக்கறானோ! அங்கயும் எவளாவது ஒருத்தி தொடைப்பா இல்ல?”

துணியைப் பிழிந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. இவன் பேரு என்னன்னு பாத்துச் சொல்லுங்க சார்.”

குனிந்து பார்க்கிறேன். கல்லில் இருப்பது எழுத்தல்ல. உப்பு அரித்த கீறல்கள்தான்.

“உங்க பையன் பேரு என்னம்மா?” என்கிறேன்.

“தனசேகருங்க.”

அந்தப் பெயரையே கல்லிலிருந்து படிப்பதுபோல் மெதுவாகச் சொல்கிறேன். அவர் கை துடைப்பதை நிறுத்துகிறது.