முழங்காற் கேக்கும் மாம்பழக் கேக்கும்

தெல்லிப்பழையில் ஜெயந்தினியைத் தேடிப் போகிறவர்கள் கூட்டுறவுச் சங்கக் கடையில் கேட்டால் போதும். பதினாறு வருசமாக அங்கே மாவும் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிறவள் அவள். ஒரு கிலோ என்று அள்ளிப் போட்டால் ஒரு கிலோதான். பிறகு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவளுடைய அக்கா தேவகுமாரி வீட்டிலிருந்து சட்டை தைக்கிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எதையும் அளந்து, எழுதி, பேர் ஒட்டி வைக்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. தங்கச்சியின் கையை நினைத்து அவளுக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. வெளியில் சொல்லமாட்டாள்.

அந்தக் கைக்கு ஐந்து வருசத்துக்கு முன் ஒரு கெட்ட பேர் வந்தது. மச்சான் றயனுடைய கலியாணத்துக்கு ஜெயந்தினி மூன்று தட்டில் கேக் செய்தாள். கலவையைத் தட்டில் ஊற்றி முடிய, கரண்ட் போய்விட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து வந்தபோது அதையே ஓவனில் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்தில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கத்தியை வைத்ததும் நடுத்தட்டு அமுங்கி, மேல்தட்டு முன்னுக்குச் சரிந்தது. மைக் பிடித்திருந்த கிறிஸ்ரோபர் மாஸ்ரர் சும்மா இருக்கவில்லை.

"கேக்கும் ஜெபத்துக்கு முழங்காற்படியிட்டுட்டுது" என்றார்.

மண்டபமே சிரித்தது. ஜெயந்தினியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஓவனைத் துடைத்து, ஒரு பழைய வெள்ளைச் சீலையால் மூடி, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து கிறிஸ்தவக் கோயில் சனத்துக்கு அது முழங்காற் கேக். சங்கக் கடையில் மா வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன பிள்ளை, திரும்ப முழங்காலோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த வருசம் ஆனி மாதம், வளவு மாமரத்தில் கறுத்தக்கொழும்பான் தாராளமாகக் காய்த்தது. ஒரு சனிக்கிழமை ஜெயந்தினி தானாக ஏணி வைத்து ஓவனை இறக்கினாள். கோப்பியோடு சாப்பிடுகிற பழக் கேக் ஒன்றைக் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தாள். அடியில் தயிர் போட்டு அடித்த மெத்தென்ற கேக், நடுவில் பழத் துண்டு, மேலே மாவும் சீனியும் பட்டரும் விரலால் பிசிறித் தூவிய மொறுமொறுப்பு. அதில் காட்டினவர்கள் அப்பிளும் பெரிப் பழமும் போடுகிறார்கள். "எங்களுக்கு மாம்பழம் இருக்கு" என்றாள். நான்கு சனிக்கிழமை செய்தாள். முதலாவது, பழத்தின் சாறு இறங்கி அடியில் களியாகிவிட்டது. பிறகு பழத்தைக் கீறிச் சீனி தூவி, அரிதட்டில் வடிய விட்டுப் போடப் பழகினாள். தேவகுமாரி ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிசம், எவ்வளவு மா என்று தையல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினாள். மேலே தூவுகிற மேல்மா மட்டும் சரிவரவில்லை. பழத்தின் ஈரத்தில் கட்டியாகிப் பாண் தோல் மாதிரி இழுபட்டது.

அந்த நேரம்தான் கோயில் ஆண்டு விழாத் தேநீருக்கு மாதர் சங்கச் செயலாளர் தர்சினி போன் எடுத்தாள்.

"ஜெயந்தினியக்கா, நீங்கள் வடை தருவீங்களோ?"

"கேக் நான் தாறன்."

"வடையெண்டால் லேசு அக்கா."

"கேக் எண்டு எழுதும், தங்கச்சி."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னாள். "இதுவும் விழுந்தால் நான் இனி ஒருநாளும் கேக் அடிக்கமாட்டன். ஓவனை ஆருக்காவது குடுத்திடு."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று தேவகுமாரிக்குத் தெரியும். ஆகவே விழாவுக்கு முதல்நாளே தன் பங்கைத் தொடங்கினாள். பால்மா ரின்களை எல்லாம் கழுவி வெயிலில் காயவைத்தாள். புட்டுக்கு வேண்டிய கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, ஒரு தரம் அரித்தாள். மனம் கேட்கவில்லை, இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அரித்தாள். அவித்த மா ஒரு ரின்னில், அவிக்காத பச்சை மா ஒரு ரின்னில். மூடிகளில் பேர் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஜெயந்தினி புதுப் பைக்கற் மா முழுவதையும் போட்டுக் கேக் அடித்துத் தட்டில் ஊற்றி, மாம்பழத்தை வரிவரியாக அடுக்கிவிட்டாள். ஓவன் சூடேறி நின்றது. மேல்மாவுக்குப் பச்சை மா ரின்னைத் திறந்து இரண்டு கோப்பை அளந்து, சீனியும் கறுவாத்தூளும் போட்டு, குளிர்ந்த பட்டரை வெட்டிப் போட்டு விரலால் பிசிறத் தொடங்கினாள். அப்படியே கை நின்றது.

"அக்கா, இது ஒட்டுதில்லை. மணல் மாதிரிப் போகுது."

கொஞ்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது அவிச்ச மா."

"இல்லை, பேர் ஒட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே தேவகுமாரி மற்ற ரின்னைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்குள் நசித்தாள். பச்சை மா. அதுவும் அடியில் அரைக் கோப்பைக்குமேல் இல்லை. கழுவிக் காயவைத்த மூடிகள் இடம் மாறியிருந்தன. பேரை ரின்னில் ஒட்டாமல் மூடியில் ஒட்டியது அவள்தான். கட்டியில்லாமல் மூன்று தரம் அரித்துப் பார்வைக்குப் பச்சை மா மாதிரியே ஆக்கியதும் அவள்தான். அவளுக்குக் காது சுட்டது.

"நான் சைக்கிளிலை போய் ஒரு பைக்கற் வாங்கியாறன்."

"போய் வர அரை மணித்தியாலம். தட்டிலை ஊத்தின கேக் காத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமெண்டு எனக்குச் சொல்லித் தரவேண்டாம்."

"அப்ப மேல்மா இல்லாமல் வை."

"வைச்சால் பழம் மேலை கறுத்துக் காய்ஞ்சிடும்." ஜெயந்தினி மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் துடைத்தாள். "அக்கா, அந்தச் சுண்டை எடு."

"அரிசி அளக்கிற சுண்டோ?"

"ஓம். புட்டுமா எண்டால் புட்டுக்குக் கொத்துற மாதிரித்தானே கொத்தவேணும்."

குளிர்ந்த பாலை விரலால் தெளித்தாள். தகரச் சுண்டைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் விளிம்பால் மாவையும் பட்டரையும் டக்டக்கென்று கொத்தினாள். தெளித்தாள், கொத்தினாள். மிளகளவு உருண்டைகளாக மா உதிர்ந்து வந்தது, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தட்டு முழுக்கத் தூவி, ஓவனுக்குள் தள்ளி மூடினாள். எல்லாம் ஐந்து நிமிசம். தேவகுமாரி கொப்பியில் நேரத்தை எழுதினாள். கரண்ட் போகக்கூடாது என்று நாற்பத்தைந்து நிமிசமும் மின்குமிழையே பார்த்தபடி இருந்தாள்.

நான்கு மணிக்குக் கோயில் மண்டபத்தில் பற்றிஸ், வடை, வாழைப்பழத்துக்கு நடுவே மாம்பழக் கேக் இருந்தது. கிறிஸ்ரோபர் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், வாய் ஓய்வுபெறவில்லை.

"என்ன பிள்ளை, இண்டைக்கு முழங்காலோ, நிமிர்வோ?"

"வெட்டிப்போட்டுப் பாருங்கோ மாஸ்ரர்" என்று ஜெயந்தினி கத்தியை அவரிடமே நீட்டினாள்.

மேலே மொறுக்கென்று சத்தம் கேட்டது. பிறகு கத்தி சத்தமில்லாமல் அடிவரை இறங்கியது. துண்டைத் தூக்கினார். சரியவில்லை. அடியில் மெத்து, நடுவில் மஞ்சள், மேலே பொன்னிற மணிகள். வாயில் வைத்தார். கோப்பியில் ஒரு மிடறு குடித்தார், திரும்பவும் கடித்தார்.

"மனிசிக்கும் ஒரு துண்டு எடுக்கிறன்" என்று இரண்டாவதை எடுத்தார்.

"நான் இஞ்சை சாப்பிட்டுக்கொண்டுதானே நிக்கிறன்" என்றார் பின்னால் நின்ற மனைவி. மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு மாஸ்ரர் பக்கம் திரும்பியிருந்தது.

பத்து நிமிசத்தில் தட்டில் தூள்தான் மிச்சம். தர்சினி அதையும் விரலால் ஒற்றி வாயில் போட்டாள். "அக்கா, மேலை என்ன போட்டனீங்கள்? கடைக் கேக்கிலை இப்பிடி மொறுமொறுப்பில்லை."

தேவகுமாரி சுவரைப் பார்த்தாள். தன் பிழை இனி ஊருக்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

"புட்டுமா" என்றாள் ஜெயந்தினி. "அவிச்ச மா எண்டபடியால்தான் பழத்தின்ரை ஈரத்துக்கும் இழுபடேல்லை. ஆனால் சும்மா அவிச்ச மா சரிவராது. எங்கடை அக்கா மூண்டு தரம் அரிச்ச மாவாயிருக்கவேணும்."

எல்லாரும் தேவகுமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சேலைத் தலைப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நன்றியுரை கிறிஸ்ரோபர் மாஸ்ரருடையது. போதகருக்கும் பாடகர் குழுவுக்கும் நன்றி சொல்லிவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். "ஒருக்கால் ஒரு கேக்கைப் பற்றி இதே வாயாலை பகிடி விட்டனான். இண்டைக்கு இருக்கக் கதிரை இருந்தும் நான் எழும்பி நிண்டுதான் சாப்பிட்டனான். அது அந்தக் கேக்குக்குக் குடுக்கிற மரியாதை." கைதட்டல் மண்டபத்துக்கு வெளியிலும் கேட்டிருக்கும். ஜெயந்தினி தலையைக் குனியவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். தேவகுமாரி அழவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறாள்.

தர்சினி மார்கழி மாத நத்தார் ஒன்றுகூடலின் பட்டியலை அங்கேயே எழுதத் தொடங்கினாள். கேக் என்ற வரிக்கு நேரே ஜெயந்தினியின் பேரை எழுதிவிட்டுத்தான், "எத்தனை தட்டு அக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவகுமாரி மூடிகளில் இருந்த பேர்களை உரித்து, ரின்களில் ஒட்டினாள். ஓவன் அலுமாரிக்கு மேலே திரும்பப் போகவில்லை; குசினி மேசையில் அதற்கு ஒரு இடம் கிடைத்தது. அதை மூடியிருந்த வெள்ளைச் சீலையைத் துவைத்து, அளந்து வெட்டி, மெசினில் நான்கு பக்கமும் கரை அடித்தாள். இப்போது அந்த வீட்டில் மா அவிப்பது அந்தத் துணியில்தான்.