அம்புக்கு இறகு கட்டியவர்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அவரவர் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிந்து வரும்படி ஆசிரியை சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்கு அது சுலபம். முல்லர் வீட்டார் மா அரைத்தவர்கள். ஷ்னைடர் வீட்டார் சட்டை தைத்தவர்கள். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயர். எங்கள் பெயர் மட்டும் பிளெட்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் எப்படி ஒட்டியது என்று நான் அதுவரை யோசித்ததேயில்லை.

ஆசிரியை ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, பிளெட்சர் என்றால் அம்பு செய்து அதற்கு இறகு கட்டுபவர் என்றார். அவ்வளவுதான். ஒரு கிழமையாக நான் நிலத்தில் நடக்கவில்லை. கணக்குப் பாடத்தின் நடுவே பனிமூட்டமாய் ஒரு காடு திறக்கும். வாத்துகள் இறகு உதிர்த்துவிட்டுப் போகும். என் முன்னோர் ஒருவர் மரத்தடியில் இருந்து, நூலைப் பல்லால் இழுத்து, இறகை அம்பில் சுற்றுவார். அவரைப் படமாக வரைந்தேன். பச்சைத் தொப்பி, என்னுடைய நிறம், அப்பாவின் மூக்கு.

படத்தைப் பார்த்த மாமி, அப்பாவின் அக்கா, சிரித்துவிட்டார்.

"அம்புமில்லை, வில்லுமில்லை பிள்ளை. எங்கடை பூட்டனார் சின்னனிலை பாதிரிமாற்றை பள்ளிக்கூடத்திலை தங்கிப் படிச்சவர். அவரைப் படிப்பிக்க உதவின ஆரோ ஒரு வெள்ளைக்காரற்றை பேரை அவருக்கு வைச்சுவிட்டினம்."

"அதுக்கு முதல் அவருக்கு என்ன பேர்?"

மாமி அப்பாவைப் பார்த்தார். கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே, "தெரியாது" என்றார்.

நான் அழுதேன். மறுநாள் பெற்றோர் முன்னிலையில் படத்தைக் காட்டிப் பேச வேண்டும். காட்டை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இறகுகளையும் பனிமூட்டத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். யார் சொன்ன கதை என்று ஆசிரியை கேட்டபோது, வாய் கூசாமல் அப்பா என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில், சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்த அப்பா மெல்ல எழும்பினார். அலுவலகங்களில் ஒரு ஜெர்மன் சொல் பிழையாகிவிடுமோ என்று வியர்த்துப்போகிற மனிதர். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று பிழையில்லாத ஜெர்மனில் சொன்னார்.

திரும்பும் வழியில், ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயிலில், ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அப்பா படத்தை மடியில் விரித்தார்.

"இவற்றை பேர் என்ன?"

"பிளெட்சர்."

"அது எங்கள் எல்லாருக்கும் உள்ளது. இவற்றை சொந்தப் பேர்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. அப்பா தானே தொடங்கினார். "கந்தர்? ஆறுமுகம்? சின்னத்தம்பி?" ஒவ்வொரு பெயரைச் சொன்ன பிறகும் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்த முகத்தையே பார்த்தார். நான் எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று சிரித்துச் சிரித்துத் தள்ளினேன். இறங்கும் இடம் வரும்வரை அப்பா நிறுத்தவில்லை. ஏச்சு விழவில்லையே என்று எனக்குச் சந்தோஷம். அவரும் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.